பெரியவன் சட்டையில உக்காந்த பூச்சி

எல்லாரும் எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் சௌகரியமா? முட்டி வலிக்காரங்க கால நீட்டி உக்காந்துக்கிட்டு படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் போகும். எனக்கு உடம்பு பரவாயில்ல, மனசுதான் கசந்து கெடக்கு. வீட்டுல கேக்க ஆளில்ல, அதான் இங்க வந்து கொட்டுறேன்.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவன் வீட்டுக்குப் பின்னாடியே நர்சரி வச்சிருந்தான். பைன் கன்னுகள தொட்டியிலயே ஆள் உசரத்துக்கு வளத்து வெளியூருக்கு அனுப்புறவன். சின்னவளுக்கு வனத்துறையில பூச்சி பாக்குற வேலை. சின்ன வயசுலயே தீப்பெட்டியில வண்டு புடிச்சு அண்ணன் தலையணைக்குக் கீழ வைப்பா. பூச்சி டாக்டர்னு அப்பவே பேரு வச்சுட்டான் அவன்.

இந்த வருஷம் வெளிநாட்டுல இருந்து ஒரு அந்துப்பூச்சி இங்க வந்திருக்குமோனு அவ ஆபீஸ்ல சந்தேகம். கப்பல்ல வந்த மரப்பெட்டியில முட்டை ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாமாம். அதோட புழு பைன் இலையெல்லாம் தின்னு தீத்துடும். மத்த மரம்னா திரும்பத் துளுக்கும், பைன் மொட்டையாச்சுன்னா அவ்வளவுதான், செத்துடும்.

அதனால சின்னவ ஊரு பூரா, மலை பூரா பொறி மாட்டினா. பொறினா என்னமோ ஏதோனு நெனைக்காதீங்க. கூடாரம் மாதிரி மடிச்ச அட்டை, உள்ள பசை, நடுவுல பொட்டப்பூச்சி வாசனை ஏத்தின ஒரு ரப்பர் துண்டு. பொண்டாட்டி கூப்பிடுறானு ஆம்பளப்பூச்சி பறந்து வந்து பசையில மாட்டிக்கும். ஆம்பள புத்தி எந்தப் பிறவியிலயும் ஒண்ணுதான் போலனு நான் சொன்னேன், மருமக வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா.

நர்சரியிலயும் வரிசைக்கு வரிசை மாட்டினா. பூச்சி கெடைச்சா அது இருக்குற மூலைய மட்டும் வெட்டி எரிச்சா போதும், மத்ததெல்லாம் தப்பிச்சுடும்னு அண்ணன்கிட்ட பொறுமையா எடுத்துச் சொன்னா. அவன் காதுல எரிக்கிறது மட்டும்தான் விழுந்துச்சு.

ஒவ்வொரு தடவையும் வந்து பாப்பா, பொறி காலியா இருக்கும். அவனுக்கு ஒரே குஷி. என் தோட்டத்துக்கு உன் மாப்பிள்ளைங்க ஒருத்தனும் எட்டிப் பாக்கலியேனு கேலி பண்ணுவான். பொறி பாத்து முடிஞ்சதும் கன்னுகள அனுப்ப லாரி எல்லாம் பேசி வச்சுட்டான்.

ஒரு சாயந்தரம் கொல்லையில உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தோம். வெள்ளை வெள்ளையா ரெண்டு மூணு பூச்சி பெரியவனையே சுத்துது. என்னையும் சீண்டல, மருமகளையும் சீண்டல. தட்டி விட்டா திரும்ப வந்து அவன் சட்டைப் பையிலயே உக்காருது. வெள்ளை இறக்கையில கறுப்பு நெளிகோடு, பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. பைக்குள்ள வெல்லம் வச்சிருக்கியாடானு நான்கூட கேட்டேன்.

சின்னவ டம்ளரைக் கீழ வச்சா. மொகமே மாறிப்போச்சு.

"அண்ணா, ரப்பரை எல்லாம் என்ன பண்ணின?"

எந்த ரப்பர்னு கேட்டான். பொறியில இருந்து எடுத்ததுனு சொன்னா. அவன் கை தானா சட்டைப் பைக்குப் போச்சு.

நடந்தது இதுதான். அவ பொறி மாட்டிட்டு அந்தப் பக்கம் போனதும், இவன் ரப்பரை உருவிட்டு, அதே மாதிரி வாசனையில்லாத துண்டு ஒண்ண வச்சுட்டு, உருவினத சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போய் சாக்கடையில எறிஞ்சிருக்கான். நம்ம மூக்குக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. ஆனா துணியில ஒரு தடவை ஏறிச்சுன்னா லேசுல போகாதாம். அதுக்குத்தான் அவ எப்பவும் கையுறை மாட்டிக்கிட்டு அதைத் தொடுறது, வேலைக் கோட்டை ஆபீஸ்லயே கழட்டி வச்சுட்டு வர்றது. இவன் அவ ஏதோ விஷத்துக்குப் பயந்து உறை மாட்டுறானு நெனச்சிட்டிருந்திருக்கான். அந்தச் சட்டைய சோப்பு போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சவ நான்தான்.

இது நம்மூர்ப் பூச்சிதான், இதே மாதிரி ஒண்ணு இங்க இருக்குனு சமாளிச்சான். இருக்குறது நெசம்தானாம். நம்மூர்ப் பூச்சியா இருந்தா நானே வந்து உன் லாரியில கன்னு ஏத்துறேன்னு சொல்லிட்டு, சின்னவ தன் கைப்பையில இருந்து பூச்சி புடிக்கிற கண்ணாடிக் குழாயை எடுத்து அவன் பை மேல கவுத்தா. அவன் அவ கையப் புடிச்சுக்கிட்டான்.

"நீ தங்கச்சியா வந்தியா, ஆபீஸ் ஆளா வந்தியா?"

"டீ குடிக்கத்தான் வந்தேன். பூச்சியோட வந்து உக்காந்தது நீ."

கைய விட்டுட்டான்.

அவன் தட்டித் தட்டி விட்டதுல இறக்கைத் தூளெல்லாம் உதிர்ந்து, கறுப்புக் கோடுகள வச்சு ஒண்ணும் சொல்ல முடியலியாம். வால் நுனிய வெட்டி, மருந்துல ஊற வச்சு, பெருசாக் காட்டுற கண்ணாடியில பாப்பாங்களாம். ஒவ்வொரு இனத்துக்கும் அங்க உள்ள கொக்கி வேற வேற மாதிரி இருக்கும். மறுநா வந்தவ செருப்பக்கூட கழட்டல, வாசல்லயே நின்னு அந்த வெளிநாட்டுப் பூச்சியேதான்மானு சொன்னா.

அப்புறம் ஆளுங்க வந்தாங்க. பட்டை இடுக்குல பாத்தா வரிசை பூரா முட்டை. பொறி பொறியா இருந்திருந்தா ஒரு மூலையோட போயிருக்கும். இப்போ மொத்தத் தொட்டியும், வேலியோரம் அவங்கப்பா வச்ச பெரிய மரங்களும் சேந்து எரிஞ்சுது. பிசின் வெடிக்கிற சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டுச்சு.

சின்னவளுக்கும் நல்ல பேரு கெடைக்கல. அண்ணன் தோட்டம்னு கண்ண மூடிக்கிட்டியானு கேட்டு, பொறி வேலையில இருந்து எடுத்துட்டாங்க. பெரியவன் தங்கச்சியே குடியக் கெடுத்துட்டானு சொல்லிக்கிட்டு குடும்பத்தோட மாமனார் வீட்டுக்குப் போயிட்டான். நான் போன் பண்ணினா மருமகதான் எடுக்கிறா.

அவன் சட்டைய விட்டுட்டுப் போயிட்டான். கொடியில தொங்குது. நேத்து சாயந்தரம் பாக்குறேன், அந்தப் பையில வெள்ளையா ஒண்ணு உக்காந்திருக்கு. மரமே இல்லாத எடத்துக்கு எங்கேருந்து வருது? சின்னவளுக்குப் போன் போட்டேன். கறுப்புக் கோடு இருக்கானு கேட்டா, இருக்குனு சொன்னேன்.

"அப்ப மலைக்காட்டுக்கு ஏறிடுச்சும்மா, அங்கேருந்துதான் வருது. சட்டைய எடுக்காத, தொங்கட்டும். நான் வந்து பாக்குறேன்."

வேலையில்லாத வேலைக்கு இன்னிக்கு வந்து, அண்ணன் சட்டைக்கு அடியில நாற்காலி போட்டு உக்காந்திருக்கா. டீ போட்டுக் குடுத்தேன், ஆறிக் கெடக்கு.

உங்க வீட்டுல அண்ணன் தங்கச்சி இப்படி மூஞ்சி முறிச்சுக்கிட்டு, அப்புறம் எப்பவாவது பேசினாங்களா? யாரு மொதல்ல வாயத் தெறந்தாங்க? கீழ எழுதுங்க. கடைசி வரைக்கும் பேசவே இல்லைன்னா, அதையும் எழுதுங்க.