மடங்காத கட்டில்

மகள் வீட்டோடு வந்துவிட்ட மாமியாருக்குக் கூடத்தில் ஒரு மடக்குக் கட்டில். காலையில் குளித்து வந்ததும் அதை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, பிரிக்காத பெட்டியின்மேல் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்வாள். என்றைக்காவது கிளம்பச் சொல்வார்கள் என்ற நினைப்பு.

அன்று கட்டில் மடங்கவில்லை.

“என்ன மாப்பிள்ளை, இது மக்கர் பண்ணுது?”

ஃபிட்டர் மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: “நாலு கம்பிய நாலு போல்ட்டுல கோத்திருந்தாத்தான் மடங்கும் அத்தை. நீங்க குளிக்கப் போனப்ப குறுக்கே இன்னொரு கம்பி வச்சு முடுக்கிட்டேன். இனி அசையாது.”

“நல்லா இருந்த கட்டிலைக் கெடுத்துட்டீங்களே. பகல்ல எங்க வைக்கிறது?”

“இருக்கிற இடத்துலதான்.”

“வர்றவங்க இடிச்சுக்குவாங்களே?”

“சுத்திப் போகட்டும்.”

அவள் கட்டிலை ஒருமுறை உலுக்கிப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, துணிகளை எடுத்துத் தலைமாட்டில் அடுக்கத் தொடங்கினாள்.