விழுந்த குச்சி

நடிகன் ஃபின் பதினோராவது முறையும் டிரம்மை ஒழுங்காக வாசித்தான். அதுதான் தொல்லை.

நாற்பது வருடத்துக்கு முன் கிளெனிஸ் டிரம் வாசித்த பாட்டு அது. இங்கிலாந்தில், ஸ்டாக்போர்ட் தொழிலாளர் கிளப்பின் இதே மாடி அறையில்தான் அவள் குழுவினர் நான்கு பேரும் அதைப் பதிவு செய்தார்கள். இப்போது அந்தக் காலத்தைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள். படத்தில் டிரம் வாசிப்பது ஃபின். கிளெனிஸ் என்ற பெயரில் ஒரு பெண்ணும் இருக்கிறாள். பாடகன் ராட்னியின் காதலியாம். வருகிற மூன்று காட்சியிலும் ஜன்னலோரம் நின்று அழுகிறாள்.

கிளெனிஸ் கையெழுத்துப் போட வந்திருந்தாள். யார் எழுதிய பாட்டானாலும் நான்கு பேர் பெயரையும் போடுவது அவர்கள் குழுவின் பிடிவாதம். அதனால் பாட்டு படத்தில் வர நான்கு கையெழுத்தும் வேண்டும். அவளுடையது மட்டும்தான் பாக்கி.

"கட்! ஃபின், ரெண்டாவது வரி முடிஞ்சதும் ஒரு அடியை அடிக்காம விடணும்பா," என்றான் இயக்குநர் டொமினிக். "அது மௌனம். ராட்னிக்கு மழையில நடந்தப்ப தோணின மௌனம்."

கிளெனிஸ் பிஸ்கட்டைத் தட்டில் போட்டாள்.

"மௌனமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. என் குச்சி நழுவி விழுந்துச்சு. ஹீட்டர் இல்லாம விரலெல்லாம் விறைச்சுப் போச்சு. திரும்ப வாசிக்கலாம்னா அடுத்த குழு வாசல்ல நின்னு கத்துறாங்க. அப்படியே விட்டுட்டோம்."

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா யாரு நம்புவாங்க?"

"நடந்ததை நம்பலைன்னா நான் என்ன தம்பி பண்றது?"

"வேணும்னா ஃபின் கையிலேர்ந்து விழட்டுமே?"

கிளெனிஸ் பேனாவை மூடினாள். மூலையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தவர் பக்கம் திரும்பினாள்.

"டேய் ராட்னி, மென்னது போதும். சொல்லுடா."

அறுபது தாண்டிய ராட்னி பேனாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"குச்சிதான். ஆம்ப்ளிஃபயருக்கு அடியில உருண்டுபோச்சு. நான்தான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன். அதான் மூணாவது வரிக்குப் பிந்திட்டேன்."

"பேட்டிக்குப் பேட்டி மௌனம்னு சொன்னீங்களே!" டொமினிக்கின் குரல் கிறீச்சிட்டது.

"முதல்ல கேட்டவன்தான் மௌனமான்னு கேட்டான். கேக்க நல்லா இருந்துச்சு, ஆமான்னுட்டேன். அப்புறம் எப்படிப்பா மாத்துறது?"

"எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்லடா," என்றாள் கிளெனிஸ். "அதே நம்பர்தான்."

டொமினிக் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஜன்னலோரம் நின்ற நடிகையைக் கூப்பிட்டு டிரம்மைக் காட்டினான். அவள் கண்ணீருக்குப் போட்ட மருந்தைத் துடைத்துக்கொண்டு, யாராவது மனம் மாறிவிடுவார்களோ என்பதுபோல் ஓடிவந்து டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"முதல்ல ஸ்கிரிப்ட்ல அந்தப் பக்கங்களை அடிச்சு எழுதுங்க," என்றாள் கிளெனிஸ். அவன் அடித்து எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அப்புறம்தான் பேனாவைத் திறந்தாள்.

ஃபின் குச்சிகளோடு நடு அறையில் நின்றான். "அப்போ ஜன்னல்கிட்ட யாரு அழறது?"

"நீயே அழு கண்ணு," என்றாள் கிளெனிஸ், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "உனக்குத்தான் எல்லாம் ஒழுங்கா வருதே."