தலைத்திவசத்துக்கு முன் பூசிய சுவர்

பூதலிங்கத்துக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும்; புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். தாலுகா ஆபீசில் தலை நிமிராத மனுஷன், வீட்டுக்குள் வந்தால் வேறு ஆள்.

தொண்ணூற்றாறு ஐப்பசி. கொக்கிரகுளத்தில் ஆற்றைப் பார்த்த வீடு. அப்பா இறந்து வருஷம் திரும்பவில்லை. தலைத்திவசம் கழியாமல் அந்த வீட்டில் வெள்ளையடிக்கக் கூடாது. அது தெரிந்தும் தம்பி நடராஜ் சாரத்தில் நின்று வெளிச்சுவரைப் பூசிக்கொண்டிருந்தான். துபாயில் பெயிண்ட் மேஸ்திரி. லீவு முடிவதற்குள், மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அவன் அவசரம் அவனுக்கு. பழைய சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டு சிலிகேட் பெயிண்ட் அடித்தான். அது காரையோடு காரையாக இறுகிவிடும், உரியவே உரியாது.

சந்தையிலிருந்து வந்த பூதலிங்கம் கீழே கிடந்த சுரண்டலைப் பார்த்தார். பொங்கலுக்குப் பொங்கல் அப்பா தன் கையால் அடித்த வெள்ளை, மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

“இறங்குலே. அத கழுவி விடு.”

“கழுவினா போவாதுண்ணே. அதுக்குத்தான இத அடிக்கேன்.”

பூதலிங்கம் சாரக்கம்பைப் பிடித்து உலுக்கினார். நடராஜ் பலகையோடு விழுந்தான். எழுமுன் விலாவில் ஒரு மிதி. அவனும் சும்மா இருக்கவில்லை. அண்ணன் வாயிலேயே குத்தினான். பல் ஒன்று தெறித்து, சட்டையெல்லாம் ரத்தம்.

“அப்பனுக்குக் கொள்ளி வைக்க வராத பய, வீட்டத் தொடுதியோ?”

“எரிச்ச பொறவுல்லா எனக்குச் சொல்லி விட்ட. நீயெல்லாம் ஒரு அண்ணன்.”

உண்மைதான். உண்மை என்பதால்தான் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெயிண்ட் வாளியைத் தூக்கி, அதில் இருந்ததை அப்படியே தம்பி முகத்தில் வீசி அடித்தார்.

நடராஜ் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. கண்ணைப் பொத்திக்கொண்டு புரண்டான். “தண்ணி, தண்ணிய ஊத்துங்க” என்று கத்தினான். அவன் மனைவி சித்ரலேகா குடத்தோடு ஓடிவந்தாள்.

அப்போதுதான் பூதலிங்கத்துக்குப் பதறியது. வாளியில் இருந்தது வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரியே இருந்தது; சுண்ணாம்பு என்றே நினைத்துவிட்டார். நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பது அந்தத் தெருவில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். குடத்தைத் தட்டிவிட்டார். அது உடைந்து தண்ணீர் ஆற்றுப் பக்கமாக ஓடியது.

“தண்ணி ஊத்தாத தாயி, கண்ணு வெந்துரும். ஏட்டி நீலா, விளக்கெண்ணெயக் கொண்டா.”

நீலாம்பாள் உள்ளேயிருந்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தாள். நடராஜ் திமிறினான், தண்ணீர் தண்ணீர் என்றே கேட்டான். பூதலிங்கம் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, தலையை முழங்கால்களுக்கிடையே இறுக்கி, இமையை விரித்து எண்ணெயை விட்டார். வாயிலிருந்து ஒழுகிய ரத்தம் தம்பி நெற்றியில் சொட்டியது. “பொறுத்துக்கோடா, பொறுத்துக்கோடா” என்று அழுதுகொண்டே விட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. சுண்ணாம்போ சிலிகேட்டோ, எது விழுந்தாலும் அந்த நிமிஷமே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவியிருந்தால் பார்வை மிஞ்சியிருக்கும். இனி இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை.

கட்டுப் போட்ட முகத்தை நடராஜ் அண்ணன் இருந்த பக்கம் திருப்பினான்.

“வாளிய எறிஞ்சது கோவத்துல. அத விடு. தண்ணிய ஏண்ணே தட்டிவிட்ட?”

பூதலிங்கம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“உன் கண்ணு போயிரக்கூடாதுன்னுதாம்லே.”