ஸ்தமாத்தா கடை வாசலில் நடைப்போட்டி

கவாலா ஊரில் கடற்கரைச் சாலையோரம் ஸ்தமாத்தாவின் பார்லர் இருந்தது. அங்கே முடி வெட்டிக்கொள்ளப் போகும் பெண்கள், அன்றைக்கு உலகத்தின் எந்த மூலையிலாவது கிரேக்க வீரர் யாரும் களத்தில் இறங்குகிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். விசாரிக்காமல் போனவர்கள் பட்டிருக்கிறார்கள். பளு தூக்கும் போட்டி நடந்த ஒரு நாள், நெற்றி முடியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி ஓர் ஆசிரியை வந்து உட்கார்ந்தாள். டிவியில் நம் ஆள் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிய அதே நொடியில் ஸ்தமாத்தாவின் கத்தரியும் மேலே ஏறிவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் அந்த ஆசிரியை தலையில் துணிப்பட்டை கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள்.

ஸ்தமாத்தாவுக்கு இன்ன விளையாட்டு என்று கணக்கில்லை. ஈட்டி, துடுப்பு, பாய்மரம், தண்ணீருக்குள் ஆடும் போலோ, எதுவானாலும் சட்டையில் நீலமும் வெள்ளையும் இருந்தால் போதும், அது அவள் வயிற்றில் பிறந்த பிள்ளை. கால்பந்தை மட்டும் அவள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஏன் என்று கேட்டால், "அதுக்குக் கத்த ஊரே இருக்கு. துடுப்புப் போடற பிள்ளைக்கு யார் இருக்கா? நான்தான் இருக்கேன்" என்பாள்.

ஸ்தமாத்தா என்ற பெயருக்கு எங்கள் மொழியில் 'நில்லு' என்று அர்த்தம். நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண்ணாகவே பிறந்ததும், இந்த வரிசை இத்தோடு நிற்கட்டும் என்று அவள் அப்பா அலுத்துப்போய் வைத்த பெயர். வரிசை நின்றது. பெயரைச் சுமந்தவள் மட்டும் ஓர் இடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை.

அவள் புருஷன் பந்தெலிஸ் அதற்கு நேர்மாறு. துறைமுகத்தில், தாசோஸ் தீவுக்குப் போகிற கப்பலில் கார்களையும் லாரிகளையும் வரிசை பிடித்து ஏற்றிவிடுவது அவன் வேலை. கப்பல் சங்கு ஊதினாலும் லாரிக்காரன் காதில் விழுகிற மாதிரி கத்த வேண்டும். அதனால் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டான். கடவுள் ஜோடி சேர்த்ததில் குறை சொல்ல முடியாது.

அந்த ஆண்டு வசந்தத்தில், பல நாட்டுப் பெண்கள் கலந்துகொள்ளும் பெரிய நடைப்போட்டி ஒன்று கவாலாவில் நடக்கப்போகிறது என்று செய்தி வந்தது. பாதை எது என்று பார்த்தால் கடற்கரைச் சாலை. துறைமுக வாசலிலிருந்து பூங்கா வரை போய்த் திரும்பித் திரும்பி வர வேண்டும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஸ்தமாத்தாவின் பார்லர் வாசலை இரண்டு தடவை கடக்க வேண்டும். செய்தியைக் கேட்டதும் அவள் வாடிக்கைக்காரியின் ஈரத்தலையை அப்படியே விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினாள்.

"பந்தெலி! லெமோனியா வர்றா! நம்ம வாசலுக்கே வர்றா!"

"எந்த லெமோனியா? உங்க அத்தை மகளா?"

"போடா! நடைக்காரி லெமோனியா. கிரெவெனா மலைப் பக்கத்துப் பொண்ணு. போன வருஷம் ஸ்பெயின்காரியோட மல்லுக்கட்டி நாலாவதா வந்தாளே, நான் மூணு நாள் சோறு தண்ணி இல்லாம கெடந்தேனே!"

"நடக்கறதுக்கா பதக்கம் குடுக்கறாங்க? நான் இருபத்தஞ்சு வருஷமா இந்தக் கப்பலுக்குள்ள நடக்கறேன். ஒருத்தனாவது கை தட்டியிருக்கானா?"

"நீ நடக்கறதைப் பாத்தா யாருக்குமே கை தட்டத் தோணாது" என்று சொல்லிவிட்டு அவள் கொடி வாங்கப் போனாள்.

போட்டியன்று காலையிலேயே சாலையின் இருபுறமும் இரும்புத் தடுப்புகள் வைத்துவிட்டார்கள். பார்லர் வாசலில் ஒரு கட்டில் விரிப்பு அளவுக்குக் கொடி தொங்கியது. அன்றைக்குக் கடை கிடையாது என்று ஸ்தமாத்தா ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாள். ஆனால் பக்கத்து மருந்துக் கடைக்காரரின் மனைவி கிளியோனிக்கிக்கு மறுநாள் ஞானஸ்நான விருந்து. தலைக்குச் சாயம் போட்டே ஆக வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சாயத்தைப் பூசி விடறேன். அரை மணியில கழுவணும். நான் வர்லேன்னா நீங்களே கூப்பிடுங்க" என்று சொல்லி, அவள் தலையெல்லாம் வெள்ளித் தாளைச் சுற்றிவிட்டு, கழுத்தில் துண்டைப் போட்டுவிட்டு, ஸ்தமாத்தா வெளியே பாய்ந்தாள்.

துப்பாக்கி வெடித்தது. பெண்கள் கிளம்பினார்கள்.

இந்த நடையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், ஊன்றும் காலின் முட்டி மடங்கக் கூடாது. அந்த இரண்டு விதிக்கும் உட்பட்டு, சாதாரண ஆள் ஓடுகிற வேகத்தைவிட வேகமாக நடப்பார்கள். இடுப்பு ஒரு பக்கம் போகும், தோள் ஒரு பக்கம் போகும். வழிநெடுக நடுவர்கள் நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தப்புக் கண்டால் அதைச் செய்தவளின் எண்ணுக்கு நேரே பலகையில் ஒரு சிவப்பு அட்டை விழும். மூன்று விழுந்தால் ஓரமாகக் கட்டம் போட்ட இடத்தில் இரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டுத்தான் மறுபடி நடக்க முடியும். அதற்குள் மற்றவர்கள் பூங்காவைத் தொட்டுத் திரும்பிவிடுவார்கள்.

முதல் சுற்றில் லெமோனியா வந்தாள். ஒல்லியாக, வெயிலில் கறுத்து, டிவியில் தெரிந்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். ஸ்தமாத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு கத்தவும் செய்தாள்.

"என் தங்கமே! தோளை எறக்கு! ஸ்பெயின்காரி மூச்சு வாங்கறா, நான் பாத்துட்டேன், விடாதே!"

லெமோனியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பெயின்காரிதான் திரும்பிப் பார்த்தாள்.

சுற்றுகள் ஓடின. பாதிப் போட்டிக்குள் ஸ்பெயின்காரியும் லெமோனியாவும் மற்றவர்களைப் பின்னால் விட்டுவிட்டார்கள். சற்றுத் தள்ளி சைப்ரஸ் பெண் ஒருத்தி தனியாக வந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் பலகையில் லெமோனியாவின் எண்ணுக்கு நேரே ஒரு சிவப்பு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பார்லருக்கு எதிரே நின்ற நடுவர் ஓர் அயல்நாட்டுப் பெரியவர், வெள்ளைத் தொப்பி போட்ட சாதுவான மனிதர். ஸ்தமாத்தா தடுப்புக்கு மேல் பாதி உடம்பை நீட்டி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, உங்களுக்குக் கண்ணு தெரியுதா? அது முட்டியா மடங்குச்சு? அது வடிச்செடுத்த முட்டி! நீங்க கடைத்தெருவுல பொண்டாட்டி பின்னால நடக்கறப்ப உங்க முட்டி மடங்கறதே இல்லையோ?"

அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தொப்பியைத் தூக்கி மரியாதையாக வணக்கம் சொன்னார். தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று ஸ்தமாத்தா நினைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து கிளியோனிக்கி குரல் கொடுத்தாள். "அரை மணி ஆயிடுச்சு, ஸ்தமாத்தா!"

"இன்னும் ஒரே ஒரு சுற்று!"

கடைசிக்கு முந்திய சுற்றும் வந்துவிட்டது. இரண்டு பேரும் தோளோடு தோள். சைப்ரஸ் பெண்ணும் எட்டிப் பிடித்து அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். பார்லர் வாசலைக் கடக்கும்போது லெமோனியா அரை அடி முந்தினாள். அந்த அரை அடியைக் கண்டதும் ஸ்தமாத்தாவுக்குத் தன் நினைவு போய்விட்டது. வாசலில் தொங்கிய கொடியை இழுத்துப் பிய்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, நடைபாதையில் லெமோனியாவுக்கு இணையாக ஓட ஆரம்பித்தாள். பூச்சட்டி சாய்ந்தது. காபிக் கடை நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. கால் செருப்பில் ஒன்று எங்கேயோ போனது. எதிரே தடுப்பு வரிசை முடிகிற இடைவெளி வந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் அவள் நேராகப் பாதைக்குள் போய் விழுவாள். ஓர் அதிகாரி கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தார்.

கப்பல் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு எதிர்ச்சாரியில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பந்தெலிஸ் இதைப் பார்த்தான். இவள் உள்ளே போய் விழுந்தால் அந்தப் பெண்ணைப் போட்டியைவிட்டே நீக்கிவிடுவார்கள் என்று அவனுக்குப் பளிச்சென்று பட்டது. வாயில் இருந்த விதையைத் துப்பினான். இருபத்தைந்து ஆண்டுகளாக லாரிக்காரர்களை அதிரவைத்த அந்தத் தொண்டையைத் திறந்தான்.

"ஸ்தமாத்தாஆஆ!"

லெமோனியா நின்றாள்.

ஆணி அடித்த மாதிரி நின்றாள். பின்னால் வந்த சைப்ரஸ் பெண்ணுக்கும் எங்கள் மொழிதானே, அவளும் நின்றாள். நின்ற வேகத்தில் லெமோனியாவின் முதுகில் மோதினாள். சாலையோரம் கூவிக்கொண்டே நடந்து வாழைப்பழம் விற்றவனும் நின்றான். மோட்டார் சைக்கிளில் வந்த போலீஸ்காரர் பிரேக் போட்டார். ஸ்பெயின்காரி ஒருத்திக்குத்தான் அது புரியவில்லை. அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

கடற்கரைச் சாலை முழுக்க ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில் ஸ்தமாத்தாவின் குரல் கீச்சென்று கிழிந்தது.

"உன்னை இல்லடி! என்னை! அது என் பேரு! நீ நட, தாயே, நட!"

லெமோனியா அவளைப் பார்த்தாள். ஒற்றைச் செருப்பு, தோளில் கொடி, கன்னமெல்லாம் கண்மை. பிறகு எதிர்ச்சாரியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பந்தெலிஸைப் பார்த்தாள். "கடவுளே, என்ன ஊருடா இது!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

கோபத்தில் அவள் நடந்த அந்தக் கடைசிச் சுற்றைப் பற்றிக் கவாலாவில் இன்றும் பேசுகிறார்கள். ஸ்பெயின்காரி மீன்சந்தை வரை போயிருந்தாள். லெமோனியா கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைத் தின்றுகொண்டே போனாள். கோட்டுக்கு வரும்போது இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்தது. ஆனால் அந்தக் கை நீளம் இருந்தது. தங்கம் ஸ்பெயினுக்கு, வெள்ளி லெமோனியாவுக்கு.

ஊர் மொத்தமும் பந்தெலிஸ் பக்கம் திரும்பியது.

"எவ்வளவு குடுத்தான்டா ஸ்பெயின்காரன்?"

"பொண்டாட்டியைக் கூப்பிட வேற பேரே கெடைக்கலையா? கண்ணேன்னு கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கண்ணேவா? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமா?" என்று அவன் முனகினான். அந்த ஒரு பதிலுக்காக ஊர்ப் பெண்களும் அவன்மேல் கோபித்துக்கொண்டார்கள்.

ஸ்தமாத்தா பார்லருக்குள் போய் இரும்புச் சுருள்கதவைக் கீழே இழுத்து மூடிக்கொண்டாள். அங்கே கிளியோனிக்கி தானாகவே தொட்டியில் தலையைக் கழுவிக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். செம்பழுப்பு கேட்டிருந்தாள். வந்திருந்தது நல்ல முற்றின கத்தரிக்காய் நிறம்.

"கொன்னுடுங்க என்னை" என்று ஸ்தமாத்தா தரையில் உட்கார்ந்தாள்.

கிளியோனிக்கி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "எந்திரி. என் நாத்தனாருக்கு இதைப் பாத்தா நெஞ்சு அடைக்கும். எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

அதுகூட ஸ்தமாத்தாவைத் தேற்றவில்லை. இத்தனை வருஷம் கத்தியதெல்லாம் ஒரு பெண்ணின் தங்கத்தைப் பறிக்கத்தானா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளை அப்படியே விட்டுப் போக மனமில்லாமல் கிளியோனிக்கியும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஊரார் சண்டைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்து அவள் அசையவில்லை. மறுபடி தட்டு. "உள்ள ஆள் இருக்கீங்களா? ஒரு பக்கெட் தண்ணி வேணும்." கதவைப் பாதி தூக்கிப் பார்த்தால் லெமோனியா. கழுத்தில் பதக்கம், கையில் ஷூ, காலெல்லாம் கொப்புளம்.

"அம்மா, நீங்கதானே அந்த ஸ்தமாத்தா?"

"நான்தான். அடிக்கணும்னா அடி, தங்கமே. நான் தடுக்க மாட்டேன்."

"தங்கமேங்கறதை மட்டும் இன்னைக்கு விட்டுடுங்க. வெள்ளிதான் வந்திருக்கேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தாள். ஸ்தமாத்தா வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து அவள் கால்களை எடுத்து உள்ளே வைத்தாள்.

"உங்களைப் பாத்து ஒண்ணு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள் லெமோனியா. "அந்த எடத்துல என் இடது முட்டி மடங்க ஆரம்பிச்சிருந்துச்சு. நின்னதாலதான் சரி பண்ணிக்கிட்டேன். இல்லாட்டி மூணாவது சிவப்பும் விழுந்து, பதக்கமே இல்லாம போயிருக்கும். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க."

ஸ்தமாத்தா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முட்டியை அவள் ஒரு கஜ தூரத்தில், இணையாக ஓடிக்கொண்டே, கண் இமைக்காமல் பார்த்தவள். கம்பு மாதிரி நேராக இருந்தது. எத்தனையோ போட்டிகளில் எத்தனையோ முட்டிகளைப் பார்த்த கண் அது, ஏமாற்ற முடியாது. இந்தப் பிள்ளை கொப்புளக் காலோடு விடுதியிலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்து, ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"ஆமா" என்றாள் ஸ்தமாத்தா. "நானும் கவனிச்சேன். லேசா மடங்குச்சு."

"பாத்தீங்களா!"

"கொஞ்சமா, கண்ணு. ரொம்ப இல்லை."

தலையில் உப்பும் தூசியுமாக இருக்கிறதே, அலசி விடட்டுமா என்று கேட்டாள். லெமோனியா தலையைத் தொட்டியில் சாய்த்தாள். வெந்நீர் பட்டு, விரல்கள் உச்சியில் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் வாயைப் பிளந்து தூங்கிப்போனாள்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. படம் எடுக்க, கையெழுத்து வாங்க என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். பந்தெலிஸ் கதவை அடைத்துக்கொண்டு நின்று, வாயைத் திறக்காமல், கப்பலில் லாரிகளை நிறுத்துவதுபோலக் கையாலேயே எல்லோரையும் பின்னால் தள்ளினான். வெள்ளிப் பதக்கக்காரிக்கு விருந்து வைத்துக் காத்திருந்து அலுத்துப்போன மேயரும் கடைசியில் தேடிக்கொண்டு வந்தார்.

"எங்க நம்ம வீராங்..."

"ஷ்!" என்றாள் ஸ்தமாத்தா. அவர் கையில் ஒரு கூந்தல் அலங்காரப் பத்திரிகையைக் கொடுத்து, கத்தரிக்காய்த் தலைக் கிளியோனிக்கிக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். மேயர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு தடவை ஸ்தமாத்தாவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.