நிறுத்து என்றால் நிறுத்து

கடலைப் பார்த்ததும் பதில் சொல்வதாக ரோண்டா வாக்குக் கொடுத்திருந்தாள். "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டவன் டுவெய்ன். அறுபது வயது, படுக்கையும் கழிப்பறையும் உள்ள வீட்டு வண்டியான ஒரு மோட்டார்ஹோம், இரண்டு கம்பளிக் குல்லா; இவ்வளவுதான் மாப்பிள்ளையின் சொத்து.

அவனுக்குத் தெரியாமல் அவள் ஒரு பரீட்சை வைத்திருந்தாள். அவன் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "நிறுத்து" என்று கத்தினால் நிறுத்துகிறானா? முதல் கணவன் நிறுத்தியதே இல்லை. ஒவ்வொரு முகாமிலும் ரிவர்ஸில் வந்து எதையாவது இடிப்பான். பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்பான். கடைசியில் அவள் விவாகரத்து வேண்டும் என்று முன்னாடியே சொன்னாள். அதுவும் அவன் காதில் விழவில்லை.

கடலுக்குப் போகும் வழியில், சான்டியம் கணவாயில் பனி கொட்டியது. கழிப்பறைக் குழாய் உறைந்துவிட்டது. படுக்கைக்கும் கழிப்பறைக்கும் ஒரு முழம்தான் தூரம். புதுக்காதல் ஜோடிக்கு அதைவிடப் பெரிய சோதனையைக் கடவுளாலும் வைக்க முடியாது.

பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டுவெய்ன் பனியில் மல்லாந்தான். முனகி முனகி முன்சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டி முடித்தான். ரோண்டா காபியை உறிஞ்சியபடி குனிந்து பார்த்தாள்.

"யோவ், இந்த வண்டிக்குப் பின்சக்கரம்தான்யா இழுவை."

அவன் எழுந்து உட்கார்ந்தான். மீசையெல்லாம் பனி. "அம்மணி, இதை நான் படுக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

"கேட்டிருப்பேன். இப்பவும் கேக்கறேன் பாரு." திட்டாமல் சங்கிலிகளைக் கழற்றினான். பின்னால் போய் மறுபடி மல்லாந்தான். ரோண்டாவுக்கு உள்ளுக்குள் என்னவோ இளகியது. ஆனால் பரீட்சை பரீட்சைதான்.

மலை இறங்கியதும் பனி மழையானது. நியூபோர்ட் கடற்கரை முகாமில் கிழடுகள் மடக்கு நாற்காலி போட்டு, குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வரும் ஜோடி வண்டியைப் பின்னுக்கு எடுப்பதைப் பார்ப்பதுதான் அங்கே குளிர்காலப் பொழுதுபோக்கு. சண்டை நிச்சயம், டிக்கெட்டும் கிடையாது.

ரோண்டா இறங்கத் தயாரானாள். டுவெய்ன் சாவியை அவளிடம் நீட்டினான்.

"நீ எடு. சங்கிலியப் புடிச்சுப் புடிச்சு விரலே என்னோடதான்னு தெரியல. நான் பின்னாடி நின்னு சொல்றேன்."

"நானா? நான்தானே பின்னாடி..." பரீட்சையை வெளியே சொல்ல முடியாதே. சாவியை வாங்கி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"வா... வா... இன்னும் வா... நிறுத்து!"

கண்ணாடியில் பார்த்தாள். இடம் தாராளமாக இருந்தது. இந்த ஆம்பளைகளே பயந்தாங்கொள்ளிகள்! இன்னும் கொஞ்சம் வரலாம்.

"நிறுத்துடீ!"

மடார்! முகாமின் மரமேஜை காலை மடக்கிப் படுத்தது. நாற்காலிக் கூட்டம் கைதட்டியது.

ரோண்டா ஜன்னலில் தலையை நீட்டினாள். "முன்னாடியே சொல்லக்கூடாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. முகம் சிவந்தது; பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இறங்கி வந்து, பரீட்சை விவகாரம் முழுவதையும் மழையிலேயே கொட்டித் தீர்த்தாள்.

டுவெய்ன் மேஜையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்ப ரிசல்ட்?"

"நீ பாஸ். நான்தான் ஃபெயில்."

"ஃபெயிலான பொண்ணைக் கட்டிக்கணுமான்னு நான் யோசிக்கணுமே."

"யோவ், கடல் வந்தாச்சு, மரியாதையாக் கட்டிக்கோ! அந்த மேஜை அங்க இருக்கணும்னு எவன் சொன்னான்? அதுவும் இந்த மழையில, இந்தக் கண்ணாடியில, எனக்கு என்ன..."

"நிறுத்து," என்றான் டுவெய்ன், உறைந்த கையை உயர்த்தி.

நிறுத்தினாள்.

அவன் முத்தமிடக் குனிந்தபோது, குடைக்கடியிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "வா... வா... இன்னும் வா..."