இடப்பக்கம் எறிந்த பனி

பனி வாரும் சவள் மேலே எழும்புகிறது, அள்ளிய பனி என் இடது தோளைத் தாண்டிப் பறக்கிறது, அது விழும் ஓசை எனக்குக் கேட்பதில்லை. பனி கொட்டிய ஒவ்வொரு காலையிலும் இப்படித்தான், ஒரு குவளை வெறுந்தேநீர் குடித்து, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் முன்னே கார் நிற்கும் பாதையைத் துப்புரவாக்குவேன், பதினெட்டு ஆண்டு வழக்கம், என் புற்றரை வலப்பக்கத்தில் இருக்கிறது, அங்கே நடந்துபோய்க் கொட்டுவதைவிட நின்ற நிலையிலேயே இடுப்பைத் திருகி இடப்பக்கம் வீசுவது சுலபம், ஊரில் முப்பத்தொரு வருடம் ஆசிரியனாய்க் கரும்பலகையில் நெம்புகோல் வரைந்தவன் நான், பாரம் உடலைவிட்டு விலக விலக முதுகுக்குச் சுமை கூடும் என்று எத்தனை பிள்ளைகளுக்கு விளக்கியிருப்பேன், ஆயினும் தனியே நிற்கும்போது என்னைத் திருத்த யார் இருந்தார்கள், இடப்பக்கம் அயல்வீட்டு யோகரட்ணத்தின் பாதை இருந்தது.

யோகரட்ணம் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர், விடியுமுன் புறப்பட்டுப் பின்னேரம் திரும்புவார், அதற்குள் நான் வீசியது அவருடைய பாதையின் வாயில் கல்லாக இறுகியிருக்கும், தெருப்பனியை ஒதுக்கிச் செல்லும் வண்டிக்காரன் போட்ட மேடு என்றே அவர் நினைத்தார், ஒருநாள் பின்னேரமும் அப்படி நினைத்துத்தான் சவளின் கைப்பிடி நுனியைப் பிடித்து அந்தக் கட்டியை ஒரே மூச்சில் தூக்கித் திரும்பினாராம், பிடவை கிழியிற மாதிரிச் சத்தம் கேட்டுது மாஸ்டர், என்ர தோளுக்குள்ள, என்று சொல்லும்போது அவருடைய வலக்கை கழுத்துத் தூளியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதை நெஞ்சுக்கு மேலே உயர்த்த முடியவில்லை, கூரைத்தட்டுக்கு வர்ணம் பூசுகிறவன் கை உயர்த்தாமல் என்ன செய்வான், நான் அனுதாபமாகத் தலையாட்டுகிறேன், அந்த வண்டிக்காரனுக்குக் கண் பிடரியிலயே என்று அவர் கேட்க, கவனமில்லாத பிறவியள் என்று என் வாய் சொல்கிறது, என் வாய்தான் சொன்னது.

மூன்று கிழமை கழித்து அவர் எங்கள் வரவேற்பறைக்கு வந்தார், மனைவி மனோன்மணி தேநீர் கொடுத்தாள், இடக்கையால் வாங்கினார், வண்டியின்ர நம்பர் எடுத்திட்டன் மாஸ்டர், நகரசபைக்கு ஒரு முறைப்பாடு எழுதித் தாங்கோ, உங்கட இங்கிலிஷைப் பார்த்தாலே அவங்கள் நடுங்கவேணும், அவன்ர வேலை போனாத்தான் எனக்கு நித்திரை வரும், என்றார், நாளைக்குத் தாறன் என்றேன், அவர் போனபின் மனோன்மணி கோப்பையை எடுத்தபடி, இஞ்சாருங்கோ, அந்தாள் வண்டிக்காரனைத் திட்டேக்க நீங்கள் ஏன் நிலத்தைப் பாக்கிறியள் என்றாள், நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

அன்றிரவு, ஐயா அவர்கட்கு, என்று ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் பேனை நின்றது, எதிரே என் பழைய நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் இருந்தார்கள், நான் கண் அயர்ந்தேனா தெரியவில்லை, அவர்களுக்கு நானே கட்டிய நண்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு நண்டு தன் வளையைத் தோண்டி மணலை அயல் நண்டின் வாசலில் தள்ளும், வாசல் அடைபட்ட நண்டு அழுதால், எல்லாம் அந்த அலையின் வேலை என்று தானும் சேர்ந்து அழும், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அன்று ஒருத்தி எழுந்து, சேர், அலை பாவம் எல்லோ என்றாள், நான் அவளை இரு என்றேன், மணி அடித்துவிட்டது, கதையை நான் முடிக்கவேயில்லை, முகம் தெரியாத ஒரு வண்டிக்காரன் தன் பிள்ளைகளுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வீடு போகிறான், மேசையில் ஒற்றை வரியோடு தாள் கிடக்கிறது.

காலையில் பனி முழங்கால் உயரம் கிடந்தது, என் பாதையை விட்டுவிட்டு யோகரட்ணத்தின் கதவைத் தட்டினேன், எங்க மாஸ்டர் கடிதம் என்றார், எழுதேல்லை, அந்த மேடு வண்டிக்காரன் போட்டதில்லை, நான் எறிஞ்சது, நடக்கப் பஞ்சியில எத்தினையோ வருசமாய் உங்கட பக்கம்தான் எறிஞ்சனான், அது மட்டுமில்லை, தெரிஞ்சுகொண்டும் உங்களோட சேர்ந்து அவனைத் திட்டினனான், என்றேன், அப்ப மூண்டு கிழமையா அவனுக்கு நான் குடுத்த பேச்செல்லாம், என்று அவர் இழுத்தார், எல்லாம் எனக்குத்தான் வந்து சேர்ந்தது என்றேன், அவர் சிரிக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டார்.

சாத்தட்டும், நான் அவருடைய பாதையில் தொடங்கினேன், இலேசான பனியைத் தள்ளினேன், தள்ள முடியாததை அள்ளித் திரும்பினேன், கதவு திறந்தது, மாஸ்டர், இடுப்பைத் திருகாதையுங்கோ, காலைத் திருப்புங்கோ, என்று உரத்த குரல், முழங்காலை மடக்கிக் குனியுங்கோ, ஒரு கையைச் சவளின்ர கழுத்துக்குக் கிட்டப் பிடியுங்கோ, அரைவாசி அள்ளினாக் காணும், தோள் கிழிஞ்ச பிறகு பிசியோகாரி படிப்பிச்ச பாடம், உங்கட தோளும் போனா இதை ஆர் அள்ளுறது, பங்குனியில பனி முடியுமட்டும் நீங்கள்தான், விளங்குதோ. விளங்குது என்கிறேன், முழங்காலை மடக்குகிறேன், பாரத்தை வயிற்றோடு அணைத்து நிமிர்கிறேன், அவருடைய பாதையைக் கடந்து, இன்னும் அள்ளாத என் பாதையைக் கடந்து, என் புற்றரை வரை நடந்து அங்கே கொட்டுகிறேன், பனி பனிமேல் விழும் மெல்லிய ஓசை கேட்கிறது, திரும்பி நடக்கிறேன், அவர் தூளிக்கையோடு வாசலில் நிற்கிறார், மெதுவா மாஸ்டர், என்கிறார்.