டீச்சர் குளிக்கறாங்க

மாற்று ஆசிரியர் வேலைக்கு என்னென்ன வேண்டும் என்று அண்ணிக்கு மனப்பாடம். பட்டம், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், தகுதித் தேர்வில் தேறிய தாள், மருத்துவச் சான்று, காவல்துறையிலிருந்து நன்னடத்தைச் சான்று. எல்லாவற்றையும் ஒரு நீல ஃபைலில் வைத்திருந்தாள். எனக்கு அந்த ஃபைலில் போட ஒரு தாள்கூடக் கிடையாது. கல்லூரியில் கணக்குப் படிப்பை இரண்டாம் வருஷம் பாதியில் விட்டவன். குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை, பத்திலிருந்து ஆறு வரை.

அண்ணன் கப்பலில் இருந்தான். வருஷத்தில் எட்டு மாதம் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: அண்ணி, நான், அண்ணன் மகள் பாப்பா. பாப்பாவுக்கு ஐந்து வயது, இரைப்பு உண்டு. விடிய விடிய இருமிவிட்டு நாலு மணிக்கு மேல்தான் தூங்கும். அண்ணியும் அப்போதுதான் கண்ணை மூடுவாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வருவது ஐந்தரைக்கு. அன்றைக்கு யார் லீவு என்று தெரிந்ததும் கிளார்க் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வருவார். ஐந்தாறு தடவை மணியடிக்கும் வரை பார்ப்பார். எடுக்காவிட்டால் அடுத்த பெயர். ஒரு ஆண்டில் மூன்று முறை எடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அறுபது நாள் வேலை பார்த்தவர்கள்தான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். பெயர் போனால் பார்த்த நாளும் போச்சு, அடுத்த ஆண்டு முதலிலிருந்து.

அண்ணி முப்பது நாள் முடித்திருந்தாள். இரண்டு அழைப்பைத் தவறவிட்டிருந்தாள். இரண்டு தடவையும் போன் தலைமாட்டிலேயே அடித்திருக்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை.

"அஞ்சரைக்கு இந்த வீட்டுல முழிச்சிருக்கற ஒரே ஆளு நீங்கதான் தம்பி. அதுவும் இந்த வீட்டுல இல்ல," என்றாள்.

அதனால் போனை மாற்றிக்கொண்டோம். அவளுடையதை நான் வேலைக்கு எடுத்துப்போனேன், என்னுடையது அவளிடம். குளிர் அறைக்குள் சிக்னல் எடுக்காது. ஐந்தேகாலுக்கு லாரி ஏற்றும் மேடைக்கு வந்து கையுறையைக் கழற்றிவிட்டு நிற்பேன்.

முதல் தடவை கிளார்க், "யாருங்க பேசறது?" என்றார்.

"அவங்க கொழுந்தன்."

"டீச்சர் எங்க?"

"டீச்சர் குளிக்கறாங்க. வருவாங்க சார்."

வைத்துவிட்டு வீட்டுக்கு அடிப்பேன். கிளார்க்குக்கு ஆறு தடவை மணியடிக்கும் வரைதான் பொறுமை. எனக்கு அறுபது வரை உண்டு. ஒன்பதாவது, பத்தாவது தடவையில் அண்ணி எடுத்து "ம்" என்பாள். ஆறே முக்காலுக்கு நான் வீட்டுக்குப் போய் அவள் போனைக் கொடுத்து என்னுடையதை வாங்கிக்கொள்வேன். அவள் பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எட்டேகாலுக்குள் பள்ளியில் இருப்பாள்.

இப்படிப் பதினோரு நாள் ஓடியது. "உங்க டீச்சருக்கு ஒடம்புல அப்படி என்னதாங்க அழுக்கு?" என்று கிளார்க் ஒருநாள் கேட்டார். சிரித்துவைத்தேன்.

பன்னிரண்டாவது அழைப்பில்தான் வினை.

"பதினொண்ணாம் வகுப்பு, கணக்கு. எடுப்பாங்களா?"

அண்ணி படித்தது மொழிப்பாடம். எட்டாம் வகுப்பு வரைக்கும் யாரும் எதையும் எடுக்கலாம், அதற்கு மேல் அந்தந்தப் பாடத்தில் பட்டம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மாட்டாங்க என்று சொன்னால் அதுதான் மூன்றாவது என்று நினைத்தேன். எப்படியும் மாற்று ஆசிரியர் என்றால் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்காரவைக்கிற ஆள்தானே என்றும் நினைத்தேன்.

"எடுப்பாங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி தலை வாரிக்கொண்டே கேட்டாள். "எந்த வகுப்பு?"

"தெரியல. போனா சொல்வாங்க."

சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டேன். பத்து மணிக்கு என் போன் அடித்தது.

"தம்பி, ஸ்கூலுக்கு வாங்க. ஆபீஸ் ரூமுக்கு," என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அலுவலக அறையில் தலைமையாசிரியை, கிளார்க், அண்ணி. கிளார்க்கை அன்றுதான் முதலில் பார்த்தேன். குரலுக்குச் சம்பந்தமில்லாத ஒல்லி மனிதர்.

"ஓ, குளியலறைச் செக்ரட்டரி நீங்கதானா?" என்றார்.

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "இவங்க ரூம் நம்பரை மட்டும் கேட்டுட்டு வகுப்புக்குள்ள போய், போர்டைப் பார்த்ததும் பிள்ளைங்ககிட்ட 'எனக்கு இது தெரியாது'ன்னு சொல்லியிருக்காங்க. சொல்லிட்டு நேரா என்கிட்ட வந்துட்டாங்க. போன்ல ஒத்துக்கிட்டது யாரு?"

வருகிற வழியில் ஒரு பொய் தயார் செய்திருந்தேன். அண்ணிதான் பேசினாள், தூக்கக் கலக்கத்தில் சரி என்றுவிட்டாள் என்று. வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னாள்.

"இவருதான் மேடம். இன்னிக்கு மட்டுமில்ல. பதினோரு நாளா இவருதான் எடுக்கறாரு. நான்தான் போனைக் குடுத்தேன். அந்த நேரம் நான் தூங்கிட்டிருப்பேன்."

பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று தலைமையாசிரியை என்னிடம் கேட்டார்.

"கணக்கு. முடிக்கல."

"அப்போ இவருக்குப் பாடம் தெரியும், பட்டம் இல்ல. அவங்களுக்குப் பட்டம் இருக்கு, பாடம் தெரியாது. ரெண்டு பேரையும் ஒட்டவச்சா ஒரு வாத்தியார் தேறும்," என்றார் கிளார்க்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் தலைமையாசிரியை அவரிடம்.

நான் சொன்னேன். "மாட்டேன்னு சொன்னா பேரை அடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன் மேடம்."

கிளார்க் ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துத் திருப்பி என் முன் வைத்தார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் விதிகள். பாடத்தகுதி இல்லை என்று மறுத்தால் அது தவறிய அழைப்பு ஆகாது. அண்ணியின் படிவத்தை நிரப்பியவன் நான்தான். முன்பக்கத்தை மூன்று தடவை சரிபார்த்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான், தண்ணீர் குடித்தது அண்ணி.

"வேற ஆள் எடுத்த அழைப்பும் எடுக்காத அழைப்புதான். அந்தக் கணக்குல இவங்க பேரை நாலு தடவ அடிக்கலாம்," என்றார் தலைமையாசிரியை.

கிளார்க் வருகைப் பதிவைப் புரட்டினார். "பதினோரு நாளும் எட்டேகாலுக்கு முன்னால கையெழுத்து இருக்கு மேடம். நம்ம நிரந்தர ஆளுங்க பாதிப்பேருக்கு அது கெடையாது."

தலைமையாசிரியை கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நாள் கணக்குல வராது. பேரு இருக்கட்டும். இனிமே போன்ல இவங்க குரல்தான் கேக்கணும். இன்னொருத்தர் குரல் கேட்டா அன்னிக்கே பேரு போயிடும்."

வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரை அண்ணி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பிறகு சொன்னாள். "அத்தனை பிள்ளைங்க முன்னால நின்னு தெரியாதுன்னு சொல்றது எனக்கு ஒண்ணும் பெருசில்ல. காலைல எந்த வகுப்புன்னு நான் கேட்டேன். உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே அனுப்பினீங்க."

"ஆமா."

"என் வேலைய நான் கேட்டு ஒத்துக்கணும். நீங்க இல்ல."

அதற்கும் ஆமாதான்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரையிலான ஷிஃப்ட் கேட்டேன். "ஏன், ஆந்தைக்குத் திடீர்னு கண்ணு கூசுதா?" என்றார். ஆனால் மாற்றிக்கொடுத்தார். ராத்திரி ஷிஃப்டுக்கு வர ஆசைப்பட்ட ஒரு புது மாப்பிள்ளை இருந்தான். ஏன் ஆசைப்பட்டான் என்று நான் கேட்கவில்லை.

பத்தரைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பாப்பாவை என் அறையில் படுக்கவைத்துக்கொள்வேன். எனக்கு இரவில் தூக்கம் வராமல் போய் ஆறு வருஷம் ஆகிறது. இருமல் தொடங்கினால் மருந்து ஊற்றி ஆவி மெஷினைப் போடுவேன். பாப்பா முகமூடிக்குள்ளிருந்து, "சித்தப்பா, நீ ஊது," என்று என் மூக்கில் வைக்கும். அண்ணி அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள், போன் தலையணைக்கு அடியில்.

பன்னிரண்டு நாள் போன் வரவில்லை. பெயரை அடித்துவிட்டார்களோ என்று அண்ணி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஐந்தரைக்கு இருவருமே காதைத் தீட்டி வைத்திருந்தோம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பதின்மூன்றாம் நாள் அடித்தது. ஒன்று. இரண்டு. நான் எழுந்து அவள் கதவருகே போனேன். மூன்று. தட்டலாமா என்று கை தூக்கினேன்.

"ஹலோ, நான்தான் பேசறேன் சார்." தூக்கம் ஒட்டிய குரல். "எந்த வகுப்பு?"

கொஞ்சம் அமைதி.

"பன்னெண்டாம் வகுப்பு இயற்பியலா? அதுக்கு எனக்குத் தகுதி இல்ல சார். என்னால முடியாது." மறுபடி அமைதி. "நாளைக்கும் மறுநாளுமா? ஆறாம் வகுப்புன்னா வரேன். ரெண்டு நாளும் வரேன். ஆனா காலைல கூப்பிட்டு உறுதி பண்ணிடுங்க, நானே எடுக்கறேன்."

போனை வைக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, வெளிய நிக்கறீங்களா?"

"ஆமா அண்ணி."

"இன்னிக்கு இல்ல. போய்ப் படுங்க," என்றாள். கட்டில் கிரீச்சிட்டது. இரண்டு நிமிஷத்தில் அவள் குறட்டை கேட்டது.